புரோட்டோ-லாங்குவேஜ்: மூலமொழியா, முந்துமொழியா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒரு குடும்பத்து மொழிகளெல்லாம் எதிலிருந்து பிரிந்தனவோ, அந்த மொழியை ஆங்கிலத்தில் புரோட்டோ-லாங்குவேஜ் என்பார்கள். அதற்குத் தமிழில் ‘மூலமொழி’ போதும் என்று போன மடலில் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எதிலிருந்து பெயர்க்கிறார்களோ அதுதான் அவர்களுக்கு மூலமொழி. ‘முதுமொழி’ என்றால் பழமொழி. ‘முன்மொழி’ என்றால் கூட்டமும் தீர்மானமும்தான் நினைவுக்கு வரும்.

‘தொல்மொழி’யில்தான் எனக்குப் பெரிய தயக்கம். தொல் என்றதும் கல்வெட்டும் ஓலையும் உள்ள பழைய மொழி என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அப்புறம் தொல்திராவிடமும் சங்கத் தமிழும் ஒன்றாகிவிடும். நாம் பெயர் தேடுவதோ எழுத்தில் ஒரு வரிகூடக் கிடைக்காத மொழிக்கு. அதிலிருந்து பிரிந்த இனமொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது அது. மீட்டெடுத்த வடிவத்துக்கு முன்னால் உடுக்குறி (*) போடுவதே அதைச் சொல்லத்தான்.

எப்படி மீட்டெடுக்கிறார்கள் என்பதற்குச் ‘செவி’ என்ற சொல்லையே பாருங்கள். தமிழில் செவி, தெலுங்கிலும் செவி, கன்னடத்தில் கிவி. இரண்டுக்கு ஒன்று, ஆகவே சகரம்தான் பழையது என்று தோன்றும். இங்கே பெரும்பான்மை செல்லாது. நம் ‘செய்’ பழங்கன்னடத்தில் ‘கெய்’. நம் ‘செம்’ அங்கே ‘கெம்’. இகர எகரங்களுக்கு முன் ககரம் சகரமாவது உலகமெங்கும் நடப்பது. சகரம் ககரமாவது அரிது. இதைவிட அழகான சான்று தமிழுக்குள்ளேயே இருக்கிறது. கேள், கிளி, கெடு: இவற்றில் ககரம் அப்படியே நிற்கிறது. அடுத்து வரும் ள, ட போன்ற நாவளை ஒலிகள் மாற்றத்தைத் தடுத்துவிட்டன. செவி மாறியது, கேள் மாறவில்லை! சகரத்திலிருந்து தொடங்கினால் இதற்கெல்லாம் விதி சொல்ல முடியாது. ஆக, மீட்டெடுத்த வடிவம் *கெவி. அது தமிழும் அல்ல, கன்னடமும் அல்ல. இரண்டுக்கும் முந்தியது, அவ்வளவுதான்.

அதனால் ‘முந்துமொழி’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. தொல்காப்பியப் பாயிரத்தில் ‘முந்துநூல்’ உண்டு. ஆகவே சொல்லாக்கம் நமக்குப் புதிதல்ல. பழமையைப் பறைசாற்றாமல் முன்பின் உறவை மட்டும் சொல்கிறது. முன்னொட்டாகவும் நன்றாக வேலை செய்கிறது: முந்துதிராவிடம், முந்துசெருமானியம்.

ரீகன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ‘மீட்டுருவாக்கம்’ இருக்கட்டும், அதில் குறையில்லை.

‘முந்துத்திராவிடம்’ என்று வல்லினம் மிகவேண்டாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். வேண்டாம். இது வினைத்தொகை, ஊறுகாய் போல இயல்பாகவே நிற்கும். உயிரெழுத்து வரும் இடத்தில் மட்டும் ‘முந்து இந்தோ-ஐரோப்பியம்’ என்று பிரித்து எழுதிவிடலாம்.