கிரேஸி டாக்ஸி மாதிரி இப்போது எந்த கேம் வாங்கலாம்?

சிங்காநல்லூர்காரன்

எல்லோருக்கும் வணக்கம். 2004, 2005 வாக்கில் கல்லூரி ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 20 ரூபாய். மெயில் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன், ஆனால் போனது முழுக்க கிரேஸி டாக்ஸி ஆடத்தான். மூன்றாவது சிஸ்டத்தில் மட்டும்தான் அந்த கேம் இருந்தது, அதன் கீபோர்டில் அம்புக்குறிகள் எல்லாம் தேய்ந்து வெறும் கறுப்பாக இருக்கும். மேட்டுத் தெருவின் உச்சியிலிருந்து வண்டி அப்படியே காற்றில் பறந்து கீழே டிராம் தண்டவாளத்தில் வந்து விழும்போது பின்னால் நிற்கிற நாலு பேரும் சேர்ந்து கத்துவோம்.

இப்போது என் பையனுக்கு ஒன்பது வயது. அவனோடு சேர்ந்து ஆடலாம் என்று போன மாதம் ஒரு புது டாக்ஸி கேம் வாங்கினேன். பெயர் வேண்டாம், கஷ்டப்பட்டுத்தான் செய்திருக்கிறார்கள். ஊர் அழகாக இருக்கிறது, வண்டி ஓடுகிறது, ஆள் ஏறுகிறார், இறங்குகிறார், பணம் வருகிறது. எல்லாம் சரி, ஆனால் அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது. எது குறைகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்று நினைக்கலாம், ஆனால் பையனுக்கும் அதே கதைதானே?

அதனால் இரண்டு கேள்விகள். பழைய கேமில் அப்படி என்னதான் இருந்தது? அந்த வேகம் இருக்கிற புது கேம் ஏதாவது உண்டா? சாதாரண லேப்டாப்தான், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

பின்சீட்_பயணி

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

கிரேஸி டாக்ஸி 1999இல் ஆர்கேட் மெஷினாக வந்தது, 2000இல் டிரீம்காஸ்ட் என்கிற வீட்டு கன்சோலுக்கு வந்தது, நீங்கள் ஆடிய கம்ப்யூட்டர் பதிப்பு 2002இல் வந்தது. ஆர்கேட் கேம் என்றால் காசு போட்டவனைச் சீக்கிரம் எழுப்பி விட்டு அடுத்தவனை உட்கார வைக்க வேண்டும், அதுதான் அந்த வியாபாரம். இந்த கேமிலும் கடிகாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் ஆள் ஏறினால் கொஞ்சம் நேரம் கூடும், சீக்கிரம் கொண்டுபோய் இறக்கினால் இன்னும் கொஞ்சம் கூடும். நன்றாக ஓட்டத் தெரிந்தவன் ஒரே காசில் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு சவாரியும் அடுத்த சவாரிக்கான நேரத்தைச் சம்பாதித்துத் தருகிறது, அதனால்தான் ஒரு நொடி கூட சும்மா இருக்க முடியாது.

இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. எதிரே வருகிற வண்டியை உரசுகிற மாதிரிப் போய், ஆனால் இடிக்காமல் தப்பினால் பின்னால் இருப்பவர் டிப்ஸ் தருவார். அடுத்தடுத்து அப்படிச் செய்தால் டிப்ஸ் ஏறிக்கொண்டே போகும். ஒருமுறை இடித்தால் அந்தத் தொடர் அறுந்துவிடும், மறுபடி ஆரம்பத்திலிருந்து சேர்க்க வேண்டும். பாதுகாப்பாக ஓரமாகப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம், கூடுதல் காசு வராது. எதிர்த் தடத்தில் புகுந்தால் காசு வரும், இடித்தால் நேரமும் போகும். இந்த முடிவை நிமிடத்துக்கு இருபது முறை கை தானாக எடுக்கிறது. நீங்கள் வாங்கிய கேம் எது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதில் டிராபிக் வெறும் தடையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பழையதில் டிராபிக்தான் வருமானம்.

அப்புறம் ஆட்களின் தலைக்கு மேலே உள்ள நிறம். சிவப்பு என்றால் பக்கத்துச் சவாரி, பச்சை என்றால் தொலைவு. யாரை ஏற்றுவது என்பதே ஒரு கணக்கு. தொலைவுச் சவாரி நல்ல காசு, ஆனால் இறங்குகிற இடத்தில் அடுத்த ஆள் நிற்க வேண்டுமே! பத்து நாள் ஆடினால் எந்தத் தெருமுனையில் யார் நிற்பார், எங்கே போகச் சொல்வார் என்று மனப்பாடம் ஆகிவிடும். நேரம் முடிந்துவிட்டால் ஏறியவர் ஓடுகிற வண்டியிலிருந்தே குதித்து இறங்கிப் போய்விடுவார், அந்தக் கோபத்தைப் பார்க்கவே மனசு வராது.

புதுசில் டாக்ஸி கேயாஸ் என்று ஒன்று 2021இல் வந்தது. நியூயார்க்கை வைத்துச் செய்த நியூ யெல்லோ சிட்டி என்கிற ஊர், இரண்டு டிரைவர்கள், பட்டனை அழுத்தினால் வண்டி எகிறும். பழையதுக்கு ரொம்ப நெருக்கமான அமைப்பு. நான் பத்து மணி நேரம் ஆடினேன். மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உரசிப் போகிற பயம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

நாணயப்பெட்டி

மேலே எழுதியவர் ஒன்றை விட்டுவிட்டார், கியர்!

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு மாலில் இதன் மெஷினில் உட்கார்ந்து ஆடியிருக்கிறேன். ஸ்டீயரிங், இரண்டு பெடல், வலது கைப் பக்கம் ஒரு கியர் லிவர். அதில் இரண்டே நிலை, முன்னால் போக ஒன்று, ரிவர்ஸ் ஒன்று. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, லிவரை ரிவர்ஸிலிருந்து முன்னுக்குத் தள்ளுகிற அதே கணத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி அம்பு மாதிரிப் பாயும். அதுதான் கிரேஸி டேஷ். ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் வண்டிக்கு இருக்கிற வேக வரம்பையே தாண்டலாம், லிமிட்டர் கட் என்பார்கள். எனக்கு அது கைக்கு வர மூன்று வாரம் ஆனது. அந்த லிவர் டக் டக் என்று அடிக்கிற சத்தம் பக்கத்து மெஷின் வரைக்கும் கேட்கும், அந்தச் சத்தத்தை வைத்தே யார் நன்றாக ஆடுகிறார் என்று சொல்லிவிடலாம். கீபோர்டில் ஆடியவர்களில் பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அதனால் என் ஆலோசனை, எந்த கேம் வாங்கினாலும் முதலில் ஒரு கன்ட்ரோலர் வாங்குங்கள். பழைய கேமையே கன்ட்ரோலரில் ஒருமுறை ஆடிப் பாருங்கள், வேறு கேம் மாதிரி இருக்கும். ஒன்றே ஒன்று, 2010இல் மறுபடி வெளியிட்ட பதிப்பில் ஆஃப்ஸ்பிரிங், பேட் ரிலிஜன் என்கிற ராக் இசைக்குழுக்களின் பாடல்கள் கிடையாது, பிட்சா ஹட், கேஎஃப்சி கடைகளின் பெயர்களும் மாறியிருக்கும். அந்தப் பாட்டு இல்லாமல் எனக்கு முதல் நாள் கையே ஓடவில்லை.

மாடிமேல்_மீட்டர்

இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் பழையதை அப்படியே திரும்பச் செய்யச் சொன்னால் யாராலும் முடியாது என்பது என் கருத்து. செய்ய முயன்றவர்களுக்கு வழக்கும் வந்திருக்கிறது. தி சிம்ப்சன்ஸ் ரோட் ரேஜ் கேம் தங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று கிரேஸி டாக்ஸியைச் செய்த சேகா நிறுவனம் 2003இல் வழக்குப் போட்டது, கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். தலைக்கு மேலே மிதந்து வழி காட்டுகிற அம்பு, வண்டி வந்ததும் துள்ளி ஒதுங்குகிற பாதசாரிகள், இதெல்லாம் அந்தக் காப்புரிமையில் இருந்தவை. அந்த அம்பு இல்லாமல் டாக்ஸி கேமை நினைத்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த இரண்டு புது கேம்களும் பழையதிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனவை.

ஒன்று மைல் ஹை டாக்ஸி, 2023. கனடாவைச் சேர்ந்த கேஸியஸ் ஜான்-ஆடம்ஸ் ஏறக்குறைய தனி ஆளாகச் செய்தது. டாக்ஸி பறக்கும். ஊர் மேலே மேலே அடுக்கடுக்காக இருக்கும், ஆள் நிற்பது ஒரு மாடியில், போக வேண்டியது வேறொரு மாடியில். இடது வலது மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் ஒரு மணி நேரம் தலை சுற்றும், சரியான தெருவில்தான் இருப்பீர்கள், ஆனால் ஆள் உங்களுக்கு நாற்பது மாடி கீழே நிற்பார். விமானம் மாதிரி மூக்கைக் கீழே குத்தி விழுந்து, கடைசி நொடியில் நிமிர்த்தி அந்த மாடியில் நிறுத்தியபோது எனக்குப் பழைய நாள் ஞாபகம் வந்தது. அதைச் செய்து பார்க்காமல் இதை ஒதுக்காதீர்கள்.

இன்னொன்று யெல்லோ டாக்ஸி கோஸ் வ்ரூம், 2024, இத்தாலியில் இருக்கும் பானிக் ஆர்கேட் செய்தது. பெயரில் டாக்ஸி இருந்தாலும் இது தாவித் தாவிப் பொருள் சேர்க்கிற கேம். சாவி கொடுக்கிற பொம்மை டாக்ஸி, ஆனால் தாவுவதற்குப் பட்டனே கிடையாது! பாய்ச்சலை நடுவில் வெட்டி வண்டியைப் புரட்டித்தான் உயரம் ஏற வேண்டும். ஒன்பது வயதுப் பையனுக்கு இதுதான். பார்க்க 90களின் கடைசியில் வந்த கன்சோல் கேம் மாதிரி இருக்கும், அதனால் உங்கள் லேப்டாப்பும் திணறாது என்றே நினைக்கிறேன், வாங்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சீட்_பயணி

மைல் ஹை பற்றி நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் யெல்லோ டாக்ஸி இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அவர் கேட்டது கடிகாரத்தோடு போட்டி போடுகிற கேம். அதில் நின்று நிதானமாக மூலை மூலையாகத் தேடலாம்.

கொஞ்சம் பொறுக்கலாம் என்றால், 2023 டிசம்பரில் சேகா பழைய தொடர்கள் சிலவற்றைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தபோது கிரேஸி டாக்ஸியும் அதில் இருந்தது.

சிங்காநல்லூர்காரன்

அனைவருக்கும் நன்றி. டிராபிக்தான் வருமானம் என்று சொன்னீர்களே, அந்த ஒரு வரியில் எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாங்கிய கேமை மறுபடி திறந்து பார்த்தேன், அதில் எதிர்த் தடத்தில் போனாலும் ஓரமாகப் போனாலும் ஒரே பணம்தான்.

சனிக்கிழமை கன்ட்ரோலர் வாங்கினேன், கூடவே யெல்லோ டாக்ஸியும். நிதானமான கேம் என்றாலும் பையன் அதை நிதானமாக ஆடவில்லை. ஒரு மேட்டின் மேல் ஏற அந்தப் புரட்டலை நாற்பது தடவையாவது முயன்றிருப்பான், சாப்பிடக் கூப்பிட்டால் "இன்னும் ஒரு தடவைப்பா" என்கிறான். ஏறிய உடனே எழுந்து கட்டிலில் குதித்தான்.

இரவு அவன் தூங்கிய பிறகு பழைய கேமைப் போட்டு, நாணயப்பெட்டி சொன்ன மாதிரி ரிவர்ஸிலிருந்து மாற்றிப் பாய்ச்சிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட எனக்குத் தெரியாமல் போய்விட்டதே! பத்துக்கு மூன்று தடவைதான் வருகிறது. அந்த மேட்டுத் தெருவில் ஒருமுறை சரியாக வந்தது, டிராம் தண்டவாளத்தையும் தாண்டிப் போய் விழுந்தேன்.

மைல் ஹை டாக்ஸி அடுத்த சம்பளத்தில். அதற்கு முன் ஒரு கேள்வி, அந்த லிமிட்டர் கட் செய்யும்போது இரண்டு முறைக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? நான் வேகமாக அடித்தால் வண்டி நின்றே போகிறது.

நாணயப்பெட்டி

விரலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து முழுதாக எடுத்துவிட்டுத்தான் கியரைத் தொட வேண்டும். நீங்கள் பாதி அழுத்தியபடியே மாற்றுகிறீர்கள், அதுதான் ரிவர்ஸ் பிடித்துக்கொள்கிறது. விடு, கியர், கியர், மிதி. வாயால் சொல்லிக்கொண்டே ஒரு இருபது நிமிடம் ஆடிப் பாருங்கள்.