பூனைக்கு நம்ம மேல பாசமா, மீன் மேல பாசமா?

தண்டையார்பேட்டை பையன்:
எங்க வீடு ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி. போன மழையில மாடிப்படியில நனைஞ்சு கெடந்த குட்டியைத் தங்கச்சி தூக்கிட்டு வந்தா. இப்ப நல்லா வளர்ந்துடுச்சு. சாம்பல் கலர், வரி வரியா இருக்கும், பேரு டப்பா. மடியில உக்காரவே உக்காராது. தூக்கினா நெளிஞ்சு எறங்கிடும். ஆனா நான் வேலை முடிஞ்சு வந்தா வாலைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து காலை முட்டும். "அது மீனுக்கு வருதுடா, உனக்கா வருது?"ன்றாங்க அம்மா. நாய் வளர்க்கிற பக்கத்து வீட்டு அண்ணனும் அதையேதான் சொல்றாரு. பூனை பாசத்தை எப்படித்தான் காட்டும்? வளர்க்கிறவங்க சொல்லுங்க.

மின்ட் வாசி:
அம்மா சொல்றது கரெக்ட். ஒரு வாரம் மீனை நிறுத்திப் பாருங்க, சாயம் வெளுத்துடும்.

காசிமேட்டு அக்கா:
மின்ட் தம்பி, நாம நிறுத்தவே வேணாம்பா. வருஷா வருஷம் கவர்மெண்டே நிறுத்திடுது. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போவாது. நான் மார்க்கெட்ல மீன் வெட்டுறவ. தடைக்காலத்துல ஃபைபர் போட்டுல வர்ற கொஞ்சநஞ்சமும் வெலை ஏறிப்பூடும். எங்க வூட்டு கறுப்பிக்கு அப்போ அவிச்ச முட்டையும் சோறும்தான். தட்ட மோந்துட்டு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கும், அது வேற கத. ஆனா ராத்திரியானா என் கால்மாட்டுலதான் வந்து சுருண்டுக்கும். மீன் இல்லன்னா நான் யாருபா அதுக்கு?

டப்பா தம்பி, நீ இதக் கவனி. நான் வேல முடிஞ்சு வரச்சொல்ல மேலெல்லாம் மீன் கவிச்சி. கறுப்பி கைய மோந்துட்டு அப்பால போய்டும். சோப்பு போட்டு குளிச்சிட்டு வந்து குந்தினா போதும், கன்னத்த என் கணுக்கால்ல அழுத்தி, வாயோரத்துலருந்து காது வரைக்கும் ஒரே இழுப்பு. இந்தப் பக்கம் ஆச்சா, திரும்பி அந்தப் பக்கம். கன்னம், தாடை, நெத்தி, இங்கல்லாம் வாசனை சுரக்குற எடம் கீது அதுக்கு. குளிச்சதுல போன தன் வாசனைய திரும்ப என் மேல பூசி வெக்குது. மீனுக்காக வந்திருந்தா குளிக்கறதுக்கு முன்னாடி இல்ல ஒரசணும்?

வால நட்டுக்கினு வருதுன்றியே, குட்டி தாயாண்ட அப்டிதான் போவும். மடியில உக்காரலன்னு மனசு வுடாத. தூக்கினா அதுக்கு பேஜாரு. நீ தரையில குந்து, பக்கத்துல வந்து முதுக ஒட்டிக்கினு படுக்கும், அதே பெருசு. வயித்தக் காட்டிப் பொரண்டா உன்னாண்ட பயம் இல்லன்னு அர்த்தம், தடவுன்னு இல்ல. நம்பலன்னா எங்க வூட்டுக்காரரு கையில கீற கீறலப் பாரு.

வேப்பேரி மாணவி:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன். அக்கா வாலைச் சொல்லிட்டாங்க, நான் கண்ணைச் சொல்றேன். டப்பா உங்களைப் பாத்து மெதுவா கண்ணைச் சுருக்கி மூடித் திறக்குதா? இங்கிலாந்துல சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்துக்காரங்க இதைச் சோதிச்சு 2020-ல வெளியிட்டாங்க. வளர்க்கிறவங்க மெதுவா சிமிட்டினா பூனையும் பதிலுக்குச் சிமிட்டுச்சு. முன்பின் தெரியாத ஆள் அப்படிச் சிமிட்டிட்டுக் கை நீட்டினாக்கூட கிட்ட வந்துச்சு. உத்துப் பாத்தீங்கன்னா மிரட்டுறீங்கன்னு எடுத்துக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒண்ணு. 2019-ல அமெரிக்காவுல ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துல, குட்டிப் பூனைங்களை ரெண்டு நிமிஷம் தனியா விட்டுட்டு வளர்க்கிறவங்களைத் திரும்ப உள்ள அனுப்பினாங்க. சுமார் 64 சதவீதம் குட்டிங்க ஆளைப் பாத்ததும் நிம்மதியாகி, மறுபடி ரூமைச் சுத்திப் பாக்கக் கிளம்பிடுச்சு. அந்தத் தெம்பு தட்டுல இருக்கிற மீனால வந்ததில்ல.

ஆனா 'கர்ர்'னு சத்தம் போடுறதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. வலியிலயும் அதே சத்தம் வரும். சாப்பிடாம மூலையில ஒதுங்கிக் கர்ர்னு கெடந்தா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. ரேபிஸ் ஊசி போட்டாச்சா?

தண்டையார்பேட்டை பையன்:
நேத்து சிமிட்டிப் பாத்தேன். அதுவும் சிமிட்டிட்டுத் திரும்பிப் படுத்துடுச்சு. "தூக்கம் வருது, போடான்னு சொல்லுது"ன்றாங்க அம்மா. ஊசி இன்னும் போடல, சனிக்கிழமை கூட்டிட்டு வரோம். இன்னொரு சந்தேகம், போன வாரம் செத்த எலியைக் கொண்டாந்து அம்மா தலைமாட்டுல வெச்சுடுச்சு. வீடே ரெண்டாயிடுச்சு. இதுவும் பாசமா?

காசிமேட்டு அக்கா:
உங்கம்மா தலைமாட்டுலயா! அப்போ அந்தம்மாதான் மொதல்ல கட்சி மாறணும். வேட்டையாடுனத பத்திரமான எடத்துக்குக் கொண்டாறது அதுங்க பழக்கம், அதுக்கோசரம் திட்டாத. கவர்ல கைய வுட்டு எலிய எடுத்துப் போடு. கீழ் வூட்டுல யாராச்சும் எலி மருந்து வெச்சிருக்காங்களான்னு மொதல்ல விசாரி, அந்த எலியத் துன்னா டப்பாவுக்கும் ஆபத்து. சனிக்கிழம போறச்ச கட்டைப்பையில போட்டு எடுத்துக்கினு போவாத. ஆட்டோ ஹாரனுக்கே தாவி ஓடிடும். மூடி வெச்ச கூடை எடுத்துக்கோ, உள்ள உன் பழைய பனியன் ஒண்ணு போடு.