சும்மா கத்தும் கம்பைலர் வார்னிங்கை எப்படி அடக்கினீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

சேலத்துக்காரன்:

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் பேட்டரி சார்ஜர் போர்டுக்கு சி மொழியில் கோடு எழுதுகிறேன். அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், தப்பு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டால் வார்னிங் கொடுக்கும். என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஃபங்ஷனில் (கோடின் ஒரு தனிப் பகுதி) இரண்டு இஃப் நிபந்தனைகள். சென்சார் இருந்தால் முதல் இஃப் வெப்பநிலையைப் படித்து டெம்ப் என்ற வேரியபிளில் (மதிப்பு வைக்கும் இடம்) வைக்கும். கொஞ்சம் தள்ளி, அதே சென்சார் இருந்தால் இரண்டாவது இஃப் அந்த டெம்ப்பை எடுத்துக்கொள்ளும். கோடில் தப்பே இல்லை. ஆனால் ஓ0-வில் (கோடை வேகப்படுத்தாத அமைப்பு) வாய் திறக்காத ஜிசிசி கம்பைலர், ஓ2 (வேகப்படுத்தும் அமைப்பு) போட்டதும் ‘மதிப்பு வைக்காமலே பயன்படுத்தப்படலாம்’ என்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. சென்சார் இருக்கிறதா என்று சொல்லும் வேரியபிள் குளோபல், எந்த ஃபங்ஷனும் அதை மாற்றலாம். நடுவில் வேறு ஃபைலில் இருக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம். அது குளோபலைத் தொடாது என்று எனக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரிய வழியில்லை.

எங்கள் பில்டில் (கோடைப் புரோகிராமாக்கும் வேலை) வார்னிங் வந்தாலே எரர்தான், வேலை நின்றுவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு, மடிவாளாவில் ஒன்பதரைக்குச் சேலம் பஸ். டெம்ப் = 0 என்று போட்டேன், வார்னிங் போய்விட்டது, நானும் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து டீமில் ஒருவர் அதே ஃபங்ஷனில் இன்னொரு கிளை சேர்த்தார். அந்தக் கிளையில் வெப்பநிலையைப் படித்து வைக்காமலே டெம்ப்பைப் பயன்படுத்தினார். கம்பைலர் கத்த வேண்டிய இடம் அதுதான். நான் வைத்த 0 அதன் வாயைக் கட்டிவிட்டது. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் பேட்டரி கெடும் என்பதால், 0 டிகிரி வந்தாலே எங்கள் கோடு சார்ஜை நிறுத்தும். ஏப்ரல் வெயிலில் சார்ஜர் நின்றுபோனது. ஒன்பது நாள் சென்சார் ஒயரையும் சாலிடரையும் சோதித்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அந்த குளோபலை ஃபங்ஷன் தொடக்கத்திலேயே ஒரு லோக்கல் வேரியபிளில் (அந்த ஃபங்ஷனுக்குள் மட்டும் இருப்பது) எடுத்து வைத்து, இரண்டு இஃப்பிலும் அதையே பார்க்க வைத்தேன். = 0-வை எடுத்த பிறகும் பழைய வார்னிங் வரவில்லை. புதுக் கிளைக்கு மட்டும் வந்தது.

அல்சூர்வாசி:

லோக்கலில் எடுத்து வைத்தது நல்ல வழிங்க. அப்படியும் அடங்காதவற்றுக்கு நான் ஜிசிசி டயக்னாஸ்டிக் பிராக்மா (கோடுக்குள்ளேயே கம்பைலருக்கு எழுதும் உத்தரவு) போடுகிறேன்: மேலே புஷ் (இப்போதைய அமைப்பைச் சேமி), இக்னோர்டு (இந்த வார்னிங்கை விடு), கீழே பாப் (பழையபடி ஆக்கு). இந்த வார்னிங்குக்கு, வேரியபிளை அறிவித்த வரியைச் சுற்றிப் போட்டால் வேலை செய்யாது, பயன்படுத்தும் வரியைச் சுற்றிப் போட வேண்டும். இது தெரியாமல் எனக்கு அரை நாள் போயிற்று. ஏன் அடக்கினோம் என்று பக்கத்திலேயே ஒரு வரி கமென்ட்டும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. ஒரு ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பைக் கட்டாயம் பார்க்கச் சொல்லும் வார்னிங்கை, முன்னால் வாய்டு காஸ்ட் (இந்த மதிப்பு வேண்டாம் என்ற குறிப்பு) போட்டால் கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் விட்டுவிடும், ஜிசிசி விடாது. இரண்டிலும் பில்டு செய்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஓசூர் டெய்லி:

சேலத்துக்காரன் அண்ணா, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இது நடந்திருக்கிறது. இந்த வார்னிங்கை அடக்குவதற்கென்றே ஒரு மேக்ரோ (கோடுக்கான சுருக்கெழுத்து) வைத்திருந்தார்கள். நிஜத் தவறுகளையும் அது மறைக்கிறது என்று 2020-ல் எடுத்துவிட்டார்கள்.

டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் கதை இதைவிடப் பெரியது. 2006-ல் அதிலிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் கோடில், மதிப்பு வைக்காத மெமரியைப் படிப்பதாக வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி புகார் சொன்னது. அது கம்பைலர் இல்லைதான், ஆனாலும் இதே வகைப் புகார். அதை அடக்க இரண்டு வரிகளை கமென்ட் ஆக்கி, ஓடாமல் செய்தார்கள். ரேண்டம் எண் உருவாக்கத்துக்குள் எதையும் கலக்கும் வரி அவற்றில் ஒன்று. பிராசஸ் ஐடி (ஓடும் புரோகிராமின் எண்) மட்டும் மிஞ்சியது, அதனால் அந்த ரேண்டம் எண்ணிலிருந்து உருவாகும் ஒவ்வொரு வகை ரகசியச் சாவிக்கும் சுமார் 32 ஆயிரம் சாத்தியங்கள்தான். 2008 மே மாதம் வெளியே தெரியும் வரை, அந்தச் சாவிகளை நம்பி உலகம் முழுக்க சர்வர்கள் ஓடின.

எங்கள் மேக்ஃபைலில் (பில்டுக்கான அமைப்புகள் உள்ள ஃபைல்) ஒட்டுமொத்தமாக அணைத்து வைத்த வார்னிங்குகள் பதினொன்று இருக்கின்றன. திங்கள்கிழமை முதல் ஒன்றை எடுத்துப் பார்க்கப் போகிறேன், என்ன வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.