ஜிகோர் எடுத்த கோர் ஃபைலில் எஃப்எஸ் பேஸ் பூஜ்யம், திருத்த முடியுமா?

வெண்ணாறு (மன்னார்குடி):
ரைஸ் மில்லில் அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டரின் கம்ப்யூட்டர். 64 பிட் இன்டெல், லினக்ஸ். குறுவை அரவை நடக்கிறது, புரோகிராமை நிறுத்த முடியாது. அதனால் ஜிடிபி டீபக்கரைத் தொலைவிலிருந்து இணைக்கும் ஜிடிபிசர்வர் வழியே ஜிகோர் (ஓடும் புரோகிராமின் நினைவகத்தையும் ரெஜிஸ்டர்களையும் கோர் ஃபைலாகச் சேமிக்கும் கட்டளை) எடுத்தோம். பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) ஒழுங்காக வருகிறது. ஆனால் எல்லா த்ரெட்டிலும் எஃப்எஸ் பேஸ் (த்ரெட்டின் சொந்தத் தரவு இருக்கும் முகவரி) 0, த்ரெட் லோக்கல் மாறி எதுவும் படிக்க முடியவில்லை. ஒய்எம்எம் (வெக்டர் கணக்குக்கான) ரெஜிஸ்டர்களையும் காணோம். ஃபைலிலேயே திருத்தலாமா?

அரசலாறு (கும்பகோணம்):
எஃப்எஸ் பேஸ் மட்டும் திருத்தலாம் சார். பேக்ட்ரேஸுக்கு அது தேவையில்லை, அதனால்தான் தப்பித்தது.

ரீட்எல்ஃப் கட்டளை காட்டும் நோட் பகுதியில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதன் நிலையைச் சொல்லும் ஒரு பிஆர்ஸ்டேட்டஸ் நோட் இருக்கும். தலைப்பு 12 பைட், பெயர் 8 பைட், பிறகு 336 பைட் தரவு. தரவின் 112வது பைட்டில் ரெஜிஸ்டர்கள் தொடங்கும், மொத்தம் 27, தலா 8 பைட். எஃப்எஸ் பேஸுக்கு முன்னால் 21 இருக்கின்றன: 112 + 168 = 280. தலைப்பும் பெயரும் 20 பைட்; ஆக நோட் தொடங்கும் இடத்திலிருந்து 300வது பைட். எந்த த்ரெட் என்பதைத் தரவின் 32வது பைட்டில் உள்ள எல்டபிள்யூபி எண்ணை (லினக்ஸ் த்ரெட்டுக்குத் தரும் எண்) வைத்துப் பாருங்கள். வரிசையை நம்பி எழுதினால் த்ரெட் மாறிப்போகும்.

எழுத வேண்டிய மதிப்பு? கோர் ஃபைலை ஜிடிபியில் திறந்து இன்ஃபோ த்ரெட்ஸ் பட்டியலைப் பாருங்கள்; ஜிடிபிசர்வர் இணைப்பில் எடுத்த பட்டியலில் முகவரி இருக்காது. அங்கே த்ரெட் என்ற சொல்லுக்கு அடுத்து முகவரி வந்தால், ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) அதுதான் எஃப்எஸ் பேஸ். கடைசி பைட் முதலில் வரும்படி எழுதுங்கள். பைட்டுகளை எழுதும் டிடி கட்டளையில் நோட்ரங்க் போட மறந்தால் அந்த இடத்துக்குப் பின்னால் உள்ள ஃபைல் முழுக்கப் போய்விடும், நகலில் செய்யுங்கள். திருத்தியபின் ஜிடிபியில் அந்த முகவரியின் 8 பைட்டைப் பாருங்கள். அதே முகவரி திரும்ப வந்தால் சரி.

குடமுருட்டி (பாபநாசம்):
ஒய்எம்எம் போனது போனதுதான். கீழ்ப் பாதி 512 பைட் மிதவைப்புள்ளி நோட்டில் இருக்கும். மேல் பாதி இருக்க வேண்டிய எக்ஸ்ஸ்டேட் நோட் எழுதப்படவே இல்லையென்றால் இட்டுக்கட்ட வழியில்லை. பூஜ்யம் போட்டு நிரப்பாதீர்கள், அடுத்து படிப்பவர் அதை நிஜ மதிப்பு என்று நம்பிவிடுவார்.

உங்கள் ஜிடிபி எக்ஸ்பாட் (எக்ஸ்எம்எல் படிக்கும் நூலகம்) இல்லாமல் கட்டப்பட்டதா என்று கான்ஃபிகரேஷன் சுவிட்சில் பாருங்கள். எக்ஸ்பாட் இல்லையென்றால் அது எக்ஸ்எம்எல் படிக்காது; ஜிடிபிசர்வரும் எஸ்எஸ்இ வரைக்குமான ரெஜிஸ்டர்களைத்தான் கொடுக்கும், அதில் ஒய்எம்எம்மும் எஃப்எஸ் பேஸும் இருக்காது. அடுத்த முறை எக்ஸ்பாட் உள்ள ஜிடிபியில், ஜிகோருக்கு முன்னால், எல்லா த்ரெட்டுக்கும் இன்ஃபோ ஆல் ரெஜிஸ்டர்ஸ் ஓடவிட்டு லாகில் பிடித்துவையுங்கள்.

வெண்ணாறு:
எக்ஸ்பாட் இல்லைதான். கோர் ஃபைலைத் திறந்து த்ரெட் பட்டியல் எடுத்தேன், முகவரிகள் இருக்கின்றன. நகலில் ஒரு த்ரெட் திருத்தினேன், முகவரி அப்படியே திரும்ப வருகிறது. மீதி 11 பாக்கி.