காளை இல்லாத ரிஷபவாகனர்தான் டாப், மறுக்கறவங்க வாங்க

காவிரிக்கரை:
தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துக்குப் போறவங்க நடராஜர் முன்னாடி நாலு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடறாங்க. என் ஓட்டு ரிஷபவாகனருக்குத்தான், அதாவது காளை மேல சாஞ்சு நிக்கற சிவனுக்கு. திருவெண்காட்டுல 1950கள்ல மண்ணுக்கு அடியிலேர்ந்து கிடைச்ச வெண்கலச் சிலை, ராஜராஜன் காலத்து வேலை, 1011ஆம் வருஷக் கல்வெட்டே இருக்கு. சடையை தலைப்பாகையா சுத்தி, அதுல பாம்பை நெளிய விட்டு, காலைக் குறுக்க போட்டு, வலது கையை காளை மேல சாச்சு நிக்கறாரு. காளைதான் கிடைக்கவே இல்ல. கை சும்மா காத்துல நிக்குது, ஆனா வெயிட்டு அது மேல இருக்கற மாதிரியே தெரியுது பாருங்க, அங்கதான் நான் காலி. காளை இருந்திருந்தா இந்தக் கையை எவன் பாத்திருப்பான்?

மெட்ராஸ்காரன்:
ஓவர் பாஸ். அந்தக் கையை அவ்ளோ உயரத்துல வெச்சதே காளைக்காகத்தானே. செட்டுல பாதி தொலைஞ்சு போனதை அழகுன்னு சொன்னா செஞ்ச ஸ்தபதி தலைல அடிச்சுக்குவாரு. அதே திருவெண்காட்டு கல்யாணசுந்தரர் செட்டும், அதான் சிவன் பார்வதி கல்யாணக் காட்சி, அதே கலைக்கூடத்துலதான் இருக்கு, சிவன் கையைப் பிடிக்கறாரு, பார்வதி வெக்கத்துல தலை குனிஞ்சிருக்கா, லக்ஷ்மி பின்னாடிலேர்ந்து போடி போடின்னு லேசா தள்ளற மாதிரி நிக்கறா, கல்யாண வீட்ல அத்தனை பேரும் பாத்திருக்கற சீன் அது. அதை விட்டுட்டு இல்லாத காளையை ரசிக்கறீங்க.

காவிரிக்கரை:
அப்ப உங்க ஊர் எழும்பூர் மியூசியத்துல இருக்கற திருவாலங்காட்டு நடராஜருக்கு திருவாசி, அதான் சுத்தி இருக்கற தீ வளையம், எங்க? விரிசடை எங்க? சென்னை மியூசியம் நடராஜர்களோட போட்டோவை மட்டும் பாத்துட்டு பிரெஞ்சு சிற்பி ரோடின் 1913ல உருகி உருகி எழுதினாரே, அவர்கிட்டயும் போய் பாதி செட்டுன்னு சொல்லுவீங்களா

வெண்காட்டுப் பேரன்:
ரெண்டு பேரும் எங்க ஊர் சாமியை வெச்சு அடிச்சுக்கறீங்க, ஆனா சாமின்னு ஒருத்தரும் சொல்லல. அது உற்சவர் அண்ணே, ஊர்வலம் போற சாமி. பீடத்துல இருக்கற ஓட்டையும் வளையமும் கம்பைச் சொருகி கயிறு கட்டி வீதியில தூக்கிட்டுப் போறதுக்கு. பட்டு சாத்தி மாலை போட்டு நாகஸ்வரத்தோட வர வேண்டியவரை லைட்டு போட்டு வெறும் உடம்பா நிக்க வெச்சுட்டு சிற்பக்கலைன்னு பேசறது எனக்கு ஒட்டவே இல்ல.

மெட்ராஸ்காரன்:
தம்பி, கோயில்ல அலங்காரத்துல பாத்தா முகமும் பாதமும்தான் தெரியும். முதுகை எப்ப பாக்கறது? இந்த சிலைகளுக்கு பின்பக்கமும் அதே அக்கறையோட வேலை பண்ணிருக்கான், முதுகுத்தண்டு பள்ளம் இறங்கறதை மியூசியம்லதான் சுத்தி வந்து பாக்க முடியும்.

வெண்காட்டுப் பேரன்:
அபிஷேகம்னு ஒண்ணு இருக்குண்ணே. அப்ப ஏது பட்டு? பாலும் சந்தனமும் அந்த முதுகு வழியாத்தான் வழியும், பக்கத்துல நிக்கற குருக்களுக்கு எல்லாம் தெரியும். சில பழைய உற்சவர்களுக்கு மூக்கும் கண்ணும் மழுங்கிப் போயிருக்கே, அது அத்தனை வருஷம் தேச்சு குளிப்பாட்டினதுல வந்தது. உங்க கண்ணாடி பொட்டில அந்தத் தேய்மானம் வராது.

காவிரிக்கரை:
வராம இருக்கறதுதான் நல்லது தம்பி! மெழுகுல செஞ்சு, மண்ணு பூசி, மெழுகை உருக்கி எடுத்துட்டு உலோகத்தை ஊத்தி, அப்பறம் அச்சை உடைச்சுதான் சிலையை எடுக்கறாங்க. ஒரே ஒரு காப்பிதான். மூக்கு தேஞ்சா வேற மூக்கு ஏது?

வெண்காட்டுப் பேரன்:
ஆயிரம் வருஷம் முன்னாடி செஞ்சவனுக்கும் அது தெரியும்ணே. தெரிஞ்சேதான் குளிப்பாட்ட கொடுத்தான்.