சூப்பர்வைசர் ஆன பிறகு வாங்கிய அடிகள்: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

நூல்கண்டு, திருப்பூர்

17 வருஷம் ஓவர்லாக் டைலராக இருந்துவிட்டு 2018இல் லைன் சூப்பர்வைசர் ஆனேன். அதுவரை எங்கள் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்தான். தைத்த கணக்குக்குச் சனிக்கிழமை சம்பளம், யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. அப்புறம் லைன் சிஸ்டம் வந்தது, ஆளுக்கு ஒரு வேலை, பீஸ் கை மாறி மாறிப் போகும். ஷிப்ட் சம்பளம், தலைமாட்டில் ஒரு வெள்ளை போர்டு, மணிக்கு எத்தனை பீஸ் வந்தது என்று அதில் மார்க்கரில் எழுத வேண்டும். டைலர்களில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். எனக்கு இந்தியில் தெரிந்தது 'ஜல்தி' ஒன்றுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினேன் என்றால் பாருங்கள்.

போர்டில் டார்கெட் 90. வந்தது 65, மிஞ்சிப்போனால் 70. நான் கத்துவேன், எனக்கு மேலே இருப்பவர் என்னைக் கத்துவார். ஒருநாள் சாப்பாட்டு பெல் அடித்தும் ஓர் ஒடியா பெண் எழுந்திருக்கவில்லை. டீஷர்ட்டுக்குக் கழுத்து ரிப், அதாவது இழுபடுகிற கழுத்துப் பட்டி, வைக்கிற மிஷின் அவளுடையது. சோல்டர் தைத்து முடித்த பீஸ் கட்டுகள், நாங்கள் பண்டில் என்போம், அவள் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன. அவளுக்கு அடுத்து டீஷர்ட்டுக்குக் கை வைத்துத் தைக்கிற பையனோ பீஸ் வராமல் காலை முழுக்க நூல் வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"அண்ணா, நீங்க உக்காருங்க. ஒரு பண்டில் தைங்க" என்றாள்.

கோபத்தில்தான் உட்கார்ந்தேன். ரிப்பை நான்காக மடித்துக் குறி வைத்து, அளவாக இழுத்துப் பிடித்து, சுருக்கம் விழாமல் சுற்றிவர, போனில் டைமர் வைத்துப் பார்த்தால் ஒரு பீஸுக்கு 48 நொடி. மணிக்கு 3,600 நொடி, அப்படியானால் 75 பீஸ். அதுவும் நூல் அறாமல், தண்ணீர் குடிக்காமல். 90 எங்கிருந்து வரும்? சைடு மூட்டுகிற ஓர் ஆளை அரை நேரம் ரிப்புக்கு மாற்றினேன். அந்த வாரக் கடைசியில் 86 வந்தது. 90 கடைசிவரை வரவில்லை, பொய் சொல்லக் கூடாது.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னேனே அண்ணா, நீங்க ஜல்தின்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

அன்றைக்கு ஒடியாவில் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டேன், 'அசுபிதா'. ஏதாவது தொந்தரவா என்று அர்த்தம். காலையில் மிஷின் மிஷினாகப் போய் அதைக் கேட்பேன், பிள்ளைகள் என் உச்சரிப்புக்குச் சிரித்துவிட்டுத்தான் ஊசி ஒடிந்த கதையைச் சொல்லும்.

பழைய கேஷியர், மதுரை

2020 ஏப்ரல் 1, பத்து பொதுத்துறை வங்கிகள் நான்காகச் சுருங்கிய நாள். ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் கிளை மேனேஜர். சில மாதம் கழித்து, இணைந்த வங்கியின் பக்கத்துத் தெருக் கிளையை மூடி அந்த ஆட்களை எங்களிடம் அனுப்பினார்கள். 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று பேசி லட்டு கொடுத்தேன். லட்டைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு கோஷ்டியாகத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

அதில் ஒருவருக்கு 31 வருஷ சர்வீஸ். பழைய சாப்ட்வேரில் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்தவர், இப்போது எந்த மெனு என்று 24 வயதுப் பையனிடம் கேட்க வேண்டும். மனுஷன் கவுண்டருக்கு வராமல் ரெக்கார்டு ரூமிலேயே இருக்க ஆரம்பித்தார். சோம்பேறி என்று நினைத்தேன், தப்புதான். நகைக் கடன் சீட்டில் உட்கார வைத்து, அந்தப் பையனைப் பக்கத்தில் போட்டேன். இவர் நகையைக் கையில் எடுத்ததும் எது உள்ளே வெறும் கூடு, எதில் அரக்கு அடைத்திருக்கிறது என்று சொல்ல, பையன் கம்ப்யூட்டரில் ஏற்றினான். இரண்டே மாதத்தில் இவர் தானே ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

அதே கூட்டத்தில் வந்த ஒரு மேடம் யாரிடமும் எதுவும் கேட்காமல் அமைதியாக இருந்தார். பிரச்சினை இல்லை போல என்று விட்டுவிட்டேன். விருப்ப ஓய்வுக் கடிதத்தை நீட்டியபோதுதான் விஷயம் புரிந்தது.

மூன்றாம் மாடி, சென்னை

நீங்கள் எல்லாம் கேட்டீர்கள், சரி. எங்கள் டீம் லீடும் 'மனசுல இருக்கறதை ஓப்பனா சொல்லுங்க' என்று மீட்டிங் போட்டுக் கேட்டார். நம்பிச் சொன்னேன். அப்ரைசலில் 'நெகட்டிவ் ஆட்டிட்யூட்' என்று வந்தது. இப்போது யார் கேட்டாலும் 'ஆல் குட்'தான்.

நூல்கண்டு, திருப்பூர்

மூன்றாம் மாடி, உங்கள் ஆளை ஒரு பண்டில் தைக்கச் சொல்லுங்கள்!

அந்த ஒடியா பெண் 2020 மே மாதம் ஊருக்கு ரயில் ஏறினவள், திரும்பி வரவில்லை. போன தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். புவனேஸ்வர் பக்கம் ஏதோ தையல் கம்பெனி, கையில் மார்க்கர், பின்னால் போர்டு. டார்கெட் எவ்வளவு போட்டிருக்கிறாள் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் தலை மறைத்துவிட்டது.