யோகா வகுப்புக்குப் புதுசா வாரவங்க முதல் மாசம் பாத்துக்கிட வேண்டியது

பாளையங்கோட்டை, யோகா ஆசிரியர்:

2015-லிருந்து ஜூன் 21-ஐ யோகா தினமாக் கொண்டாடுதோம். அது முடிஞ்ச கையோட எல்லா வகுப்புலயும் புது ஆளுங்க வந்து சேருவாங்க. ஆடி பொறக்கதுக்குள்ள பல பேரு நின்னுருவாங்க. ஆர்வம் குறைஞ்சு நிக்கிறவங்க கொஞ்சம்தான். முட்டி வலி, கழுத்துப் பிடிப்பு, கிறுகிறுப்புன்னு நின்னவங்கதான் ஜாஸ்தி. கூட்டமாச் செய்யும்போது பக்கத்துப் பாய்க்காரர் எவ்வளவு குனியுதாரோ அவ்வளவு நம்ம உடம்பும் தானாப் போகப் பாக்கும். அங்கதான் எல்லாம் கெடுது. அவங்கவங்க வகுப்புல கண்டதை, புதுசா வாரவங்களுக்கு உதவுத மாதிரி எழுதுங்க.

என் பங்குக்கு ரெண்டு விஷயம். முதல் நாள் பத்து நிமிஷம் முன்னாலயே வந்து, உங்க உடம்புல என்ன தொந்தரவு இருக்குன்னு ஆசிரியர்கிட்ட தனியாச் சொல்லிருங்க. பி.பி. இருந்தா தலைகீழா நிக்கிற ஆசனமும் மூச்சை அடக்குறதும் வேண்டாம். கண்ணுல அழுத்தம், அதான் கிளாகோமா இருக்கவங்க சிரசாசனம் மட்டும்தான் கூடாதுன்னு நெனைக்காங்க. குனிஞ்சு தலையைத் தொங்கவிடுத பர்வதாசனமும் கண்ணுக்கு அழுத்தம் ஏத்தும். முதுகுல டிஸ்க் பிதுங்கினவங்க முன்னால மடங்கக் கூடாது. குடலிறக்கம் இருக்கவங்க படகு மாதிரி காலைத் தூக்கி உக்காருத நாவாசனம், மூச்சை வேகமா வெளிய தள்ளுத கபாலபாதி மாதிரி வயித்துக்குள்ள அழுத்தம் கூட்டுத எதையும் தொடக் கூடாது. அதைக் காதுல வாங்கிக்கிடாம "எல்லாம் சரியாயிரும், செய்யுங்க"ன்னு ஒருத்தர் சொன்னா அந்த வகுப்பு உங்களுக்கு வேண்டாம்.

ரெண்டாவது, பணம் கட்டுததுக்கு முன்னால ஒருநாள் ஓரமா உக்காந்து பாருங்க. ஆசிரியர் தன் பாயை விட்டு எந்திரிச்சு நடந்து திருத்துதாரா, இல்ல முன்னால இருந்து செஞ்சு காட்டிக்கிட்டே போறாரா? 15 பேருக்கு மேல போனா உதவிக்கு இன்னொருத்தர் இருந்தாத்தான் புது ஆளைக் கவனிக்க முடியும்.

பத்தமடை:

அண்ணாச்சி, நான் பாயைப் பத்திச் சொல்லுதேன். சிவானந்த சுவாமிகள் 1887-ல பிறந்தது எங்க ஊர்லதான். கோரைப்பாய்க்கும் எங்க ஊர்தான். ஆனா கோரைப்பாயை மொசைக் தரையில விரிச்சு அது மேல நின்னு ஆசனம் செய்யாதீங்க, வழுக்கும். உக்காருததுக்கும், பிராணாயாமத்துக்கும், கடைசியில மல்லாக்கப் படுத்து ஓய்வெடுக்குத சவாசனத்துக்கும் அதைவிட நல்ல விரிப்பு கிடையாது. வெக்கை காலத்துல முதுகு வேர்க்காது. நின்னு செய்யிற ஆசனத்துக்குப் பாயை ஓரமாச் சுருட்டி வச்சிட்டு வெறுந்தரையில வெறுங்காலோட நில்லுங்க.

கடையில ரப்பர் மேட் வாங்குனா 6 அடி நீளம், 2 அடி அகலம், 6 மில்லிமீட்டர் கனம் போதும். மெத்துன்னு இருக்கேன்னு 10, 12 மில்லிமீட்டர் வாங்காதீங்க. விருட்சாசனத்துல ஒத்தக்கால்ல நிக்கும்போது பாதம் அமுங்கிக் கணுக்கால் ஆடும். புது மேட்டும் முதல்ல வழுக்கத்தான் செய்யும். சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால ரெண்டு பக்கமும் துடைச்சு நிழல்ல காயப்போடுங்க. நம்ம ஊர் வெயில்ல போட்டா சீக்கிரம் வெடிச்சு உதிரும். ஒரு மூலையில பேனாவால ஒரு குறி போட்டுக்கிடுங்க. அந்தப் பக்கம்தான் எப்பவும் மேல வரணும். இல்லைன்னா நேத்து தரையில பட்ட பக்கத்துல இன்னிக்கு முகத்தை வச்சுப் படுக்கணும்.

வண்ணார்பேட்டை, பிசியோதெரபிஸ்ட்:

வலியோடு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்று இடங்கள்: தொடையின் பின்பக்கம், முட்டி, கழுத்து.

தொடையில் இருந்து தொடங்குகிறேன். சூரிய நமஸ்காரத்தில் குனிந்து கையைத் தரையில் வைக்கும்போது முட்டியை மடக்கக் கூடாது என்று பலர் விறைப்பாக நிற்கிறார்கள். முதல் மாதம் முட்டியைத் தாராளமாக மடக்குங்கள். வயிறு தொடையைத் தொட்டால் போதும். தொடையின் நடுப்பகுதியில் இழுப்பது இயல்பு. பிட்டத்துக்கு அடியில், உட்காரும் எலும்பு இருக்கும் இடத்தில் சுளீர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தசைநார் எலும்பில் ஒட்டும் இடம் அது. அங்கே ஏற்படும் காயம் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

முட்டி. பத்மாசனத்துக்குத் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. இடுப்பு இறுகி இருக்கும்போது பாதத்தைக் கையால் இழுத்துத் தொடைமேல் வைத்தால், இடுப்பு செய்ய வேண்டிய திருகலை முட்டி வாங்கிக்கொள்கிறது. முட்டி மடங்கி நீள்வதற்கு அமைந்த மூட்டு, இவ்வளவு திருகலைத் தாங்காது. சாதாரணமாகச் சம்மணம் போட்டு உட்காருங்கள். பிட்டத்துக்கு அடியில் துண்டை நான்காக மடித்து வையுங்கள். முட்டி இடுப்பைவிடக் கீழே இறங்கினால் முதுகு தானாக நிமிரும். காலை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் முட்டி வலித்தால் கெண்டைக்காலுக்கும் தொடைக்கும் நடுவே ஒரு தலையணை.

கழுத்துதான் எனக்குப் பெரிய கவலை. சர்வாங்காசனத்தில் காலைத் தூக்கி நின்றபடி, பக்கத்தில் இருப்பவர் எப்படி நிற்கிறார் என்று தலையைத் திருப்பிப் பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். அந்த நேரத்தில் உடல் எடை தோளிலும் கழுத்திலும் இருக்கிறது, கழுத்து முழுவதும் மடங்கி இருக்கிறது. அப்போது திருப்பினால் பிடித்துக்கொள்ளும். பார்வை மார்பை விட்டு நகரக் கூடாது. போர்வையை மடிக்கும் முறையும் முக்கியம். மூன்று விரல் கனம் வரும்படி மடித்து, மடிப்பின் மொத்தையான ஓரத்தைத் தலைப் பக்கம் வையுங்கள். தோள் இரண்டும் போர்வைமேல், ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே. தலை மட்டும் தரையில். இப்படி வைத்தால் கழுத்து அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. சிரசாசனத்தை முதல் மாதத்தில் எல்லோரையும் சேர்ந்து செய்யச் சொல்லும் வகுப்பு இருந்தால், நீங்கள் சுவரோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரம்:

சேருத முன்னால ஒண்ணு கேட்டுக்கிடுங்க: சூரிய நமஸ்காரத்துல ஒரு சுத்துன்னா எவ்வளவு? சில இடத்துல 12 நிலை ஒரு தடவை முடிஞ்சா ஒண்ணு. சில இடத்துல வலது கால், இடது கால் ரெண்டும் முடிஞ்சாத்தான் ஒண்ணு. "ஆறு சுத்து"ங்கிறது ஒரு இடத்துல 72 அசைவு, இன்னொரு இடத்துல 144. புது ஆளு எந்தக் கணக்குலயும் ரெண்டு மூணோட நிறுத்திக்கிடலாம்.

நிக்கிற இடம் நடு வரிசை. கடைசியில போய் ஒளியாதீங்க. எந்தப் பக்கம் திரும்புனாலும் முன்னால ஆசனம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் நிக்கணும்.

தென்காசி:

அக்கா தங்கச்சிமாருக்கு மட்டும் கொஞ்சம். கண்ணாடி வளையல் வேண்டாம், கையூணி நிக்கும்போது உடைஞ்சு மணிக்கட்டைக் கிழிச்சிரும். தாலிச் செயினை உள்ள போட்டு ஊக்கு குத்திக்கிடுங்க. தலைகீழாக் குனிஞ்சா வாயில வந்து இடிக்கும். பின்மண்டையில கொண்டை போட்டா சவாசனத்துல தலை ஒருபக்கமாச் சாயும், கழுத்து வலிக்கும். தாழ்வாப் பின்னி முன்னால எடுத்து விடுங்க. சுடிதார் போட்டா துப்பட்டாவைக் கழட்டிருங்க, டாப்ஸ் பக்கவாட்டுக் கிழிசல் இருக்கதாப் பாத்துப் போடுங்க. மாதவிலக்கு நாள்ல எங்க வகுப்புல தலைகீழ் ஆசனத்தையும் கபாலபாதியையும் விட்டிருதோம். பிள்ளை உண்டானவங்க பொது வகுப்புல சேராம, டாக்டர்கிட்ட கேட்டுட்டு அதுக்குன்னே நடத்துத வகுப்புக்குப் போங்க. நாள் தள்ளிப்போயிருக்குன்னா அதையும் ஆசிரியர்கிட்ட சொல்லிருங்க மதினி, மறைக்க வேண்டாம்.

மேலப்பாளையம், செவிலியர்:

வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்கள், சரிதான். சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாலை வகுப்பு என்றால் மதியம் சொதியும் உருளைக்கிழங்குமாக நிறையச் சாப்பிட்ட நாளில் நான்கு மணி நேரம். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு இது அப்படியே பொருந்தாது. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் காலை ஐந்தரை மணி வகுப்புக்கு வெறும் வயிற்றில் வந்தால் சர்க்கரை இறங்கக்கூடும். முதல் வாரம் கிளம்பும் முன் வீட்டில் சோதித்துப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், பொட்டலமாக இருக்கட்டும். கை நடுக்கம், சில்லென்ற வியர்வை, படபடப்பு வந்தால் ஆசனத்தை விட்டுவிட்டுத் தின்றுவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். யோகாவில் வரும் வியர்வைதான் என்று தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அளவு மாற்றுவது மருத்துவர் வேலை.

இன்னொன்று. தொடக்கத்தில் ஓங்காரமோ பிரார்த்தனையோ சொல்வார்கள். சொல்ல விருப்பமில்லாதவர்கள் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் போதும். அதற்காகத் தயங்கி வராமல் இருந்துவிடாதீர்கள்.

பாளையங்கோட்டை, யோகா ஆசிரியர்:

அருமையாச் சொல்லிட்டீங்க. விட்டுப்போன மூச்சுப் பயிற்சியை மட்டும் சேக்கேன். கபாலபாதியில மூச்சை வெளிய தள்ளுததுதான் நம்ம வேலை. உள்ள இழுக்கக் கூடாது, வயித்தைத் தளர்த்துனா தானா வரும். தோளும் முகமும் ஆடுச்சுன்னா தப்பாச் செய்யுதோம்னு அர்த்தம். ஒரு கையை வயித்துல வச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும். 20 தடவை, அப்புறம் ஒரு நிமிஷம் ஓய்வு, இப்படி மூணு முறை போதும். பக்கத்துல 100 போட்டாலும் நீங்க போடாதீங்க. வேகமா ஊதினா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு தலை சுத்தும், விரல் நுனி மரத்துப்போகும். அப்ப நிறுத்திட்டுச் சாதாரணமா மூச்சு விட்டா சரியாயிரும். மூக்குத் துவாரத்தை மாத்தி மாத்தி மூச்சு விடுத நாடிசுத்தியில முதல் மாசம் மூச்சை அடக்காதீங்க.

சவாசனத்தை 5 நிமிஷமாவது முழுசாச் செய்யுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாதியில எந்திரிக்கிறவங்கதான் வாசல்ல கிறுகிறுத்து உக்காருதாங்க. படுத்திருந்தவர் சட்டுன்னு எழும்பினா ரத்த அழுத்தம் ஒரு நிமிஷம் இறங்கும். பி.பி. மாத்திரை சாப்பிடுதவங்களுக்கு இன்னும் கூட. முட்டியை மடக்கி வலப்பக்கம் ஒருக்களிச்சு, நாலஞ்சு மூச்சு அப்படியே இருந்து, இடது கையை ஊணி உக்காருங்க. தலை கடைசியா வரணும். உக்காந்து இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுப் பாயைச் சுருட்டலாம். வேர்வை அடங்க அரைமணி நேரமாகும், குளியல் அதுக்கப்புறம்.